ஹோர்மோன் குளிசை எடுக்கும் பெண் வைன் குடிக்கலாமா?

மட்டக்களப்பு நகரை அண்டிய ஓர் ஊரிலிருந்து 52 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் குப்பென்று சூடேறி, தலையணை உறை நனைந்து எழும்புவாராம். கந்தோரில் ஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு எதற்காகத் திறந்தோம் என்று மறந்துபோய் நின்றிருக்கிறார். ஒன்பது மாதத்துக்கு முன் வைத்திய நிபுணர் ஒருவர் ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சை தொடங்கினார். காலையில் எஸ்ட்ரடையோல் 1 மில்லிகிராம் குளிசை, இரவில் புரொஜெஸ்ட்ரோன் 100 மில்லிகிராம் கெப்சூல். ஒரு மாதத்திலேயே வியர்வை அடங்கிவிட்டது. “திரும்ப மனுசியாகிவிட்டேன்” என்று எழுதியிருக்கிறார்.

கத்தோலிக்கக் குடும்பம். நத்தாருக்கு வீட்டில் வைன் போடுவது அம்மம்மா காலத்து வழக்கம். கணவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிறகு சனிக்கிழமை இராச்சாப்பாட்டோடு இருவரும் இரண்டு கிளாஸ் குடிப்பார்கள். இப்போது தூக்கம் வருவதற்காக, கிழமையில் மூன்று நான்கு இரவுகள் அரைக் கிளாஸ் வேறு. மருந்தும் மதுவும் சேர்ந்தால் நஞ்சு என்று மச்சாள் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பயந்து, வைன் குடிக்கிற இரவுகளில் மட்டும் கெப்சூலை விட்டுவிடுகிறார். காலைக் குளிசையை விடுவதில்லை. இரண்டு மாதமாக அவ்வப்போது இரத்தம் படுகிறது. அதை வைனின் சூடு என்று நினைத்திருக்கிறார். குடிப்பதைப் பற்றி வைத்தியரிடம் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு 70 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. இவருடைய நிறை 74 கிலோ, உயரம் 155 சென்ரிமீற்றர். பிரஷர், சீனி வருத்தம் இல்லை. கேள்வி இதுதான்: “வைனை விடவா, குளிசையை விடவா? அளவாகக் குடித்தால் இரண்டையும் வைத்திருக்க முடியாதா?”

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டது வைனைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வைன் அல்ல, விட்டுப்போன கெப்சூல். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

இரவுக் கெப்சூல் எதற்காக?

உங்கள் வியர்வையையும் எரிவையும் அடக்குவது காலையில் எடுக்கும் எஸ்ட்ரடையோல்; அது ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோனின் ஒரு வகை. அது கருப்பையின் உட்சவ்வையும் சேர்த்து வளர்க்கும். அந்த வளர்ச்சி எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் இரவில் புரொஜெஸ்ட்ரோன். கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. உங்களுக்குக் கருப்பை இருக்கிறது. ஒரு காலத்தில் மேலைநாடுகளில் ஈஸ்ட்ரஜனை மட்டுமே தனியாகக் கொடுத்தார்கள். அப்படி எடுத்த பெண்களிடம் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பல மடங்கு கூடியிருப்பதை 1975இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமானது.

கிழமையில் நான்கைந்து இரவு கெப்சூலை விட்டு, காலைக் குளிசையை மட்டும் ஒழுங்காக எடுத்தால், அந்தப் பழைய முறைக்குக் கிட்டத்தட்டத் திரும்பிப்போகிறீர்கள். பாதுகாப்புக்காக ஒரு மருந்தை விடுவதாக நினைத்து, உங்களைப் பாதுகாக்கிற மருந்தையே விட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எது எதற்கான மருந்து என்று யாரும் இருந்து விளக்கியிராவிட்டால் யாரும் இப்படித்தான் செய்வார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மருந்தும் வைனும் உடம்பில் சந்திக்கக்கூடாது என்பதற்காகக் கெப்சூலை விடுகிறீர்கள். ஆனால் மதுவோடு கூடுதலாக ஊடாடுவது காலையில் எடுத்த எஸ்ட்ரடையோல்தான், அது இரவிலும் இரத்தத்தில் இருக்கிறது. ஆக, நீங்கள் தவிர்க்க நினைத்தது தவிர்க்கப்படவே இல்லை.

அந்த இரத்தம்

வைனின் “சூட்டால்” கருப்பையிலிருந்து இரத்தம் வராது. இந்தச் சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று, சிலருக்கு ஆறு மாதம்வரை அங்குமிங்குமாக இரத்தம் படுவது சாதாரணம். ஆறு மாதம் கடந்து புதிதாகத் தொடங்கினால் கட்டாயம் பார்க்க வேண்டும். கெப்சூல் ஒழுங்கில்லாமல் போனதாலேயே இது வந்திருக்கக்கூடும். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் கடிதத்தை வாசித்து அதைத் தீர்மானிக்க முடியாது. ஸ்கேன் செய்து உட்சவ்வின் தடிப்பைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கருப்பைக்குள்ளிருந்து சிறு திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு வலிக்கும், ஆனால் சில நிமிட வேலை.

அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். இரண்டு கிழமைக்குள் போங்கள். அதுவரை என்ன செய்வது என்று மருந்து எழுதித் தந்த வைத்தியரிடம் தொலைபேசியிலாவது கேளுங்கள். அவர் வேறுவிதமாகச் சொல்லும்வரை, எழுதித் தந்தபடி இரண்டையும் நாள் தவறாமல் எடுங்கள். காலைக் குளிசையை மட்டும் தனியே எடுப்பது இன்றோடு நிற்கட்டும்.

மதுவும் எஸ்ட்ரடையோலும்

சரி, இனி வைனுக்கு வருவோம். உங்கள் மச்சாள் சொன்னது வேறு மருந்துகளுக்குப் பொருந்தும். பெண்களுக்கு அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எடுக்கும் நாட்களில் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம் என்பதால் மதுவை அறவே தவிர்க்கச் சொல்கிறோம். தூக்கக் குளிசை, தடிமனுக்கு எடுக்கும் பிரிற்றன் (Piriton) குளிசை, நீரிழிவுக்கான சில குளிசைகள் ஆகியவற்றோடும் மது கூடாது. மச்சாள் எங்கோ கேட்ட உண்மை அதுவாக இருக்கலாம். எஸ்ட்ரடையோலும் வைனும் சேர்ந்து நஞ்சாவதில்லை. அளவாகக் குடிக்கும் பெண்ணுக்கு ஹோர்மோன் சிகிச்சை கூடாது என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போவதுமில்லை. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எஸ்ட்ரடையோல் குளிசை எடுக்கும் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று நான்கு கிளாஸ் வைனுக்குச் சமமான மது கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். எஸ்ட்ரடையோல் அளவு சுமார் மூன்று மடங்காகி, சில மணித்தியாலங்கள் உயர்ந்தே இருந்தது. ஹோர்மோன் எடுக்காத பெண்களிடம் அப்படி ஏறவில்லை. இரண்டையும் உடைப்பது ஈரல்தான். மதுவை உடைப்பதில் அது மும்முரமாக இருக்கும்போது எஸ்ட்ரடையோல் காத்துக்கிடக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

இதன் பொருள், சனிக்கிழமை இரவில் நீங்கள் 1 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தது போன்ற நிலை சில மணிநேரம் உங்கள் உடம்பில் இருக்கலாம். மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தால் அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு இரவும் நடந்தால் வைத்தியர் பார்த்துத் தந்த மருந்தளவுக்கே அர்த்தமில்லாமல் போகிறது. மார்பில் கனம், வலி, தலையிடி என்று சனிக்கிழமையை ஒட்டி வருகிறதா என்று கவனியுங்கள்.

கெப்சூலைப் பொறுத்தவரை விஷயம் எளிது. புரொஜெஸ்ட்ரோன் தூக்கக் கலக்கம் தரும். இரவில் எடுக்கச் சொல்வது அதனால்தான். மதுவும் கலக்கம் தரும். இரண்டும் சேர்ந்தால் ராத்திரி எழும்பிப் பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழ இடமுண்டு. ஆகவே சனிக்கிழமை வைனைச் சாப்பாட்டோடு எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு, படுக்கப் போகும்போது கெப்சூலை எடுங்கள். விடாதீர்கள்.

தூக்கத்துக்கான அரைக் கிளாஸ்

உங்கள் சனிக்கிழமை வைனைவிட இந்த அரைக் கிளாஸ்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மது கண்ணை மூட வைக்கும், உண்மைதான். ஆனால் இரவின் பின்பாதியில் அது இறங்கும்போது தூக்கத்தைக் கலைக்கும். தோலுக்கு இரத்தத்தைக் கூட்டி உடம்பைச் சூடாக்கும். பல பெண்களுக்கு அந்த எரிவைக் கிளப்பிவிடுவதே மதுதான். கெப்சூலையும் விட்டுவிட்டால், அது தரும் தூக்கமும் போகிறது. தூக்கத்துக்கு உதவும் மருந்தை ஒதுக்கி, தூக்கத்தைக் கெடுப்பதை அந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள். முதலில் கெப்சூலை ஒழுங்காக எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று கிழமையில் அந்த அரைக் கிளாஸ் தேவையில்லாமல் போகும் என்று எதிர்பார்க்கிறேன்.

அப்படியும் அந்த நேரம் வந்ததும் கை போத்தலைத் தேடினால், குடிக்காத இரவில் பதற்றமாக இருந்தால், அதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் மனச்சோர்வும் பயமும் கூடுவதுண்டு. அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது.

“அளவாக” என்றால் எவ்வளவு?

அமெரிக்க வழிகாட்டிகள் நீண்ட காலமாகப் பெண்களுக்குச் சொல்லிவந்த அளவு ஒரு நாளைக்கு ஒரு பானம், அதாவது 14 கிராம் மது. பிரித்தானியாவில் கிழமைக்கு 14 யூனிற், அதாவது 112 கிராம். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 150 மில்லிலீற்றர் வைனில் ஏறத்தாழ 15 கிராம் மது. சனிக்கிழமை இரண்டு கிளாஸில் 30 கிராம், மற்ற இரவுகளில் ஒரு 30. கிழமைக்கு 60 கிராம். கிழமைக் கணக்கில் “அளவு” என்ற எல்லைக்குள்தான் வருகிறீர்கள்; சனிக்கிழமை மட்டும் அமெரிக்க நாளளவைத் தாண்டுகிறீர்கள். ஆனால் இந்தக் கணக்கு உங்கள் கிளாஸ் 150 மில்லிலீற்றர் என்று நம்பிப் போட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் அந்தப் பெரிய வைன் கிளாஸ்களில் பாதி நிரப்பினாலே 200ஐத் தாண்டும். வீட்டில் அளவுக்கோடு போட்ட பழைய பால் போத்தல் இருந்தால், வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீரை ஊற்றி ஒருமுறை அளந்து பாருங்கள்.

வீட்டில் போடும் நத்தார் வைனின் வீரியம் யாருக்கும் தெரியாது. சீனியும் ஈஸ்ற்றும் எவ்வளவு, எத்தனை நாள் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கள்ளும் அப்படியே, காலையில் இறக்கியது பின்னேரத்துக்குள் புளித்து ஏறிவிடும். சாராயத்தில் 50 மில்லிலீற்றருக்கு 14 கிராமளவு, கால் போத்தலில் 50 கிராம். 8.8 வீத பியர் ஒரு பெரிய ரின்னில் 35 கிராம் இருக்கிறது. “பியர்தானே” என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கசிப்பு எந்த அளவிலும் வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய்ப் பயம்

உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுவது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அதனால் எண்களை மறைக்காமல் தருகிறேன். இவை பிரித்தானியப் பெண்களின் கணக்கு. அங்கு நம் நாட்டைவிட இந்த நோய் கூட. ஆகவே ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

50 முதல் 59 வயதுவரையான 1000 பெண்களை ஐந்து வருடம் பார்த்தால் 23 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. அந்த 1000 பேரும் இரண்டு ஹோர்மோனும் சேர்ந்த சிகிச்சை எடுத்தால் மேலும் 4 பேர். தினமும் 16 கிராம் அல்லது அதற்கு மேல் மது குடித்தால் மேலும் 5 பேர். உடற்பருமன் இருந்தால் மேலும் 24 பேர். கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம் உடற்பயிற்சி செய்தால் 7 பேர் குறைவு.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். குளிசையைப் பற்றியும் வைனைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், நிறையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். 155 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 74 கிலோ என்பது உடற்பருமன் எல்லைக்குள் வருகிறது. பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் அரை மணிநேரம் வேகமாக நடப்பது, கிழமையில் ஐந்து நாள், உங்கள் மார்பகத்துக்கும் எலும்புக்கும் இதயத்துக்கும் சேர்த்து உதவும்.

அதற்காக மதுவின் ஆபத்தைச் சிறிதாக நினைக்கச் சொல்லவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதுவை 1988இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. மார்பகத்துக்கு மட்டும் பார்த்தால், நாளுக்கு 10 கிராம் என்ற சின்ன அளவிலேயே ஆபத்து ஏறத்தாழ 7 முதல் 10 வீதம் கூடுகிறது. நீங்கள் இப்போது நிற்பது கிட்டத்தட்ட அந்த இடத்தில். “சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது” என்று கணவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வருத்தம் காரணமாகக் குடியை விட்டவர்களையும் “குடிக்காதவர்கள்” என்ற பட்டியலில் சேர்த்து ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த நம்பிக்கை அது. இதயத்துக்காக யாரும் குடிக்கத் தொடங்கத் தேவையில்லை. அவருக்கு வைன் பிடிக்கும் என்றால் பிடிக்கும் என்பதே போதுமான காரணம்.

பெரியம்மாவுக்கு 70 வயதில் வந்தது உங்கள் ஆபத்தைப் பெரிதாக மாற்றாது. அம்மாவுக்கோ கூடப்பிறந்த சகோதரிக்கோ, அதுவும் 50 வயதுக்கு முன் வந்திருந்தால் வேறு கதை; அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் சொல்வது

“என்னைப் பற்றி என்ன நினைப்பார்” என்று எழுதியிருந்தீர்கள். பெண் குடிப்பதைப் பற்றி நம் சமூகம் வைத்திருக்கும் பார்வை உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 1979இல் போட்ட விதியை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாட்களுக்குள்ளேயே திரும்பக் கொண்டுவந்த நாடு இது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் தானாக வாய் திறந்து சொல்ல மாட்டாள், கேட்க வேண்டியது வைத்தியர்தான். உங்களிடம் கேட்காமல் விட்டது எங்கள் பக்கத்துக் குறை.

உங்கள் தயக்கத்தின் இன்னொரு பக்கமும் புரிகிறது. கிளினிக் கொப்பி வீட்டில் மேசையில் கிடக்கும், மருமகள் எடுத்துப் பார்ப்பார். கிளினிக்கில் நிற்கும் மிஸ் உங்கள் ஊர்க்காரியாக இருப்பார். அறைக்குள் போனதும், “தனியாக ஒரு விஷயம் கதைக்க வேண்டும், அதைக் கொப்பியில் எழுத வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நோயாளி சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது வைத்தியரின் கடமை. கிழமைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதையும், கெப்சூலை விட்ட இரவுகள் ஏறத்தாழ எத்தனை என்பதையும், இரத்தம் பட்ட திகதிகளையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால் துண்டை நீட்டுங்கள்.

அவரிடம் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. குளிசைக்குப் பதிலாகத் தோலில் பூசும் ஜெல் அல்லது ஒட்டும் பட்டை உங்களுக்குப் பொருந்துமா என்பது ஒன்று. குளிசை ஈரல் வழியாகப் போவதால் இரத்தம் கட்டிபடும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பையும் ஏற்றும். அதே கொழுப்பை மதுவும் ஏற்றும். தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரஜனுக்கு இந்தச் சிக்கல் குறைவு, உங்கள் நிறைக்கு அதுவே நல்ல தெரிவாக இருக்கலாம். எல்லா மருந்துக்கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் கிடைக்குமா, மாதம் என்ன செலவு வரும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கருப்பைக்குக் கெப்சூல் அப்போதும் வேண்டும். மற்றது, ஈரல் பரிசோதனையும் கொழுப்புப் பரிசோதனையும். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கும் ஒருமுறை போங்கள். மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: குளிசையை விட வேண்டியதில்லை. வைனைச் சனிக்கிழமை ஒரு கிளாஸ், விசேஷ நாளில் இரண்டு என்று வைத்துக்கொண்டால், ஸ்கேனும் ஈரலும் சரியாக இருக்கும்பட்சத்தில், உங்களை நான் தடுக்க மாட்டேன். முழுதாக விட்டால் இன்னும் நல்லது; அது உங்கள் முடிவு. தூக்கத்துக்காகக் குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

ஸ்கேனுக்குப் போவதற்குள் இரத்தம் கூடினாலோ, கட்டியாகப் போனாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென்று மூச்செடுக்கக் கஷ்டமாக இருந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். எடுக்கிற மருந்துகளின் உறைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.